சிறகடிக்காமல் மேலேறும் பருந்துக்கு என்ன சொல்? ‘ஏந்து பறப்பு’ பற்றி

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

போன வாரம் நான் கேட்ட சொல்லுக்கு நிறையப் பரிந்துரைகள் வந்துவிட்டன. எழுதிய எல்லாருக்கும் நன்றி. இழையில் இப்போதுதான் சேர்ந்தவர்களுக்காகக் கேள்வியை மறுபடி சொல்லிவிடுகிறேன். பறக்கும்போது பறவை எவ்வளவு ஆற்றலைச் செலவழிக்கிறது, அதன் தசையும் இதயமும் நுரையீரலும் அந்தச் செலவுக்கு எப்படி ஈடுகொடுக்கின்றன என்பது என் ஆய்வுத் துறை. மதுரையில் தமிழ்வழி விலங்கியல் மாணவர்களுக்கு இதைப் பாடக் குறிப்பாக எழுதிக்கொண்டிருக்கிறேன். சிறகடித்துப் பறப்பதற்குச் சொல் தேட வேண்டியதில்லை. இறக்கையை விரித்தபடி மெல்லக் கீழிறங்குவதற்குச் ‘சறுக்கு பறப்பு’ என்று பலரும் எழுதுகிறார்கள், அதுவும் சரி. மூன்றாவதுதான் இடிக்கிறது. மதுரையை ஒட்டிய ஆனைமலைக்கு மேலே பத்து மணி வெயிலில் ஒரு பருந்து இறக்கையை அசைக்காமலே உயர உயரப் போகிறதே, ஆங்கிலத்தில் soaring என்கிறார்களே, அதற்குத் தமிழில் என்ன பெயர்?

சொல்லுக்குப் போகும் முன் நடப்பதைப் பார்த்துவிடலாம். அந்த ஆனைமலை அடிவாரத்து ஒத்தக்கடைப் பக்கம் காலை ஏழு மணிக்குப் பார்த்தால் கள்ளப்பருந்து சிறகடித்துக்கொண்டுதான் போகும். பாறை சூடேறட்டும். அதன் மேலிருக்கும் காற்று சூடாகி எழத் தொடங்கியதும் அடிப்பது நின்றுவிடும். இறக்கை நுனிச் சிறகுகள் விரல் விரலாகப் பிரிந்திருக்கும், பிளவுபட்ட வால் மட்டும் இடமும் வலமுமாகத் திருகிக்கொண்டே இருக்கும். பத்துச் சுற்றுக்குள் ஆள் புள்ளியாகிவிடுவார். ஆக்ராவில் நுண்ணுயிரியல் ஆய்வாளராக இருந்த ஹாங்கின் நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதை நாள்தோறும் உட்கார்ந்து கவனித்திருக்கிறார். எடை குறைந்த பருந்து முதலில் மேலேறும், வெயில் இன்னும் ஏறிய பிறகே கனத்த பாறுக் கழுகு கிளம்பும் என்று குறித்துவைத்தார். அந்த இரண்டாவது பாதியை மதுரை வானத்தில் மாணவர்களுக்குக் காட்ட இன்று எனக்கு வழியில்லை. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் வலிநீக்கி ஊசி மருந்து, செத்த மாட்டின் இறைச்சி வழியாகப் பாறுகளை நாடு முழுக்க அழித்துவிட்டது. 2006இல் கால்நடைப் பயன்பாட்டுக்குத் தடை வந்தது, அதற்குள் பெரும்பகுதி போய்விட்டது. இதை எழுதும்போதெல்லாம் மனசு கனத்துப்போகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சுற்றியிருக்கும் காற்றை வைத்துப் பார்த்தால் அந்தப் பருந்து கீழேதான் இறங்கிக்கொண்டிருக்கிறது. நொடிக்கு ஒரு மீட்டர் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது இருக்கும் காற்று நொடிக்கு மூன்று மீட்டர் மேலே போனால், தரையில் நிற்கும் நமக்குப் பருந்து நொடிக்கு இரண்டு மீட்டர் ஏறுவதாகத் தெரியும். ஆக, பறவை செய்வது சறுக்கலேதான். உயரத்துக்கான ஆற்றலைக் கொடுப்பது காற்று, காற்றுக்குக் கொடுத்தது வெயில். நமக்கு வேண்டிய சொல் இந்தக் கொடுக்கல் வாங்கலைச் சொல்ல வேண்டும் என்பது என் நிலைப்பாடு. வந்த பரிந்துரைகளை இதை வைத்துத்தான் பார்க்கிறேன்.

‘வட்டப் பறப்பு’ என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். பார்த்ததும் தோன்றுகிற சொல் அதுதான், ஊரிலும் ‘பருந்து வட்டம் போடுது’ என்றுதான் சொல்வோம். சூடான காற்று குறுகிய இடத்தில் எழுவதால் அதைவிட்டு வெளியே போய்விடாமல் பருந்து சுற்றுகிறது. ஆனால் ஆடிக் காற்று நாகமலையில் மோதி மேலே எழும்பும் நாளில் அதே பருந்து சுற்றாது. சரிவை ஒட்டியே நேராகப் போய்த் திரும்பும். அப்போதும் இறக்கை அசையாது, அப்போதும் உயரம் காற்றிடமிருந்துதான் கிடைக்கிறது. மாடிக்கு மேல் வளர்ப்புப் புறாக்கள் வட்டமிடுகின்றனவே, அவை முழுக்க முழுக்கச் சிறகடித்துத்தான் சுற்றுகின்றன. வட்டம் என்பது பாதையின் வடிவம். ஆற்றல் எங்கிருந்து வந்தது என்று அது சொல்லாது.

‘உயர்பறப்பு’க்கும் ஆதரவு இருக்கிறது. அதற்கு மறுப்பு நெல்லைப் பக்கம் கூந்தன்குளம் பறவைகள் காப்பிடத்திலேயே இருக்கிறது. குளிர்காலத்தில் அங்கே வருகிற வரித்தலை வாத்து இமயமலையைத் தாண்டி வருகிற பறவை. பாங்கோர் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் பிஷப் குழுவினர் அதன் உடலுக்குள் சிறு கருவி பொருத்தி இதயத்துடிப்பையும் சிறகடிப்பையும் பதிந்து 2015இல் வெளியிட்டார்கள். 7,000 மீட்டருக்கு மேலும் பறந்திருக்கிறது, அதுவும் பெரும்பாலும் சிறகடித்தே. அந்த உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் கொஞ்சம் வேகமாக அடித்தாலே இதயத்துடிப்பு எகிறிவிடுகிறது. அதனால்தான் அது நேராக ஓர் உயரத்தைப் பிடித்துக்கொண்டு போவதில்லை. மலை ஏறினால் கூடவே ஏறி, பள்ளத்தாக்கு வந்தால் இறங்கி, தரையை ஒட்டியே போகிறது. உயரே பறக்கும் பறவைகளில் இப்படி ஒன்றும் உண்டு என்னும்போது ‘உயர்பறப்பு’ என்ற பெயரைப் பருந்துக்கு மட்டும் எழுதிக்கொடுக்க முடியாது.

‘மிதப்பு’ வேண்டாம். பள்ளிப் பாடநூலில் ‘மிதப்பு விசை’ என்பது நீரில் கட்டை மிதப்பதற்கான விசை. பருந்து காற்றைவிடப் பல மடங்கு அடர்த்தியானது, அது மிதக்கவே இல்லை. இயற்பியல் வகுப்பில் ஒன்றும் விலங்கியல் வகுப்பில் வேறொன்றும் படித்தால் பிள்ளைகள் குழம்பிப்போவார்கள்.

‘ஓய்வுப் பறப்பு’ என்ற பரிந்துரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் என் துறையின் மையமே அங்கேதான் வருகிறது. கறிக்கடையில் முழுக்கோழியாக வாங்கிவந்து மாணவர்களுக்கு அறுத்துக் காட்டுவது என் வழக்கம். நெஞ்செலும்பின் நடுமேட்டில் இருபுறமும் கனமாக ஒட்டியிருப்பது மார்புத்தசை. இறக்கையைக் கீழே இழுத்து அடிப்பது அதன் வேலை. அதை விரலால் விலக்கினால் அடியில் ஒல்லியாக இன்னொரு தசை இருக்கும். அதன் நாண், தோளில் மூன்று எலும்புகள் கூடும் இடத்திலுள்ள துளை வழியாக வளைந்து போய் இறக்கை எலும்பின் மேற்புறத்தில் ஒட்டுகிறது. அந்தத் தசையைப் பிடித்து இழுத்தால் இறக்கை மேலே தூக்கும்! நெஞ்சிலிருந்து இழுத்தால் இறக்கை மேலே போவதைப் பார்த்துப் பிள்ளைகள் அசந்துவிடுவார்கள்.

விரித்த இறக்கையோடு வானத்தில் இருக்கும் பருந்துக்கு இந்த ஒல்லித் தசையால் பெரிய வேலை கிடையாது. காற்றே இறக்கையை மேலே தள்ளிக்கொண்டிருக்கிறது. உடம்பின் முழு எடையும் இரண்டு இறக்கைகளில் தொங்குகிறது. அவை மேல்நோக்கி மடங்கிவிடாமல் கீழே இழுத்துப் பிடிப்பது மார்புத்தசை. நீளம் மாறாமல், விட்டுவிடாமல், மணிக்கணக்கில் பிடித்திருக்க வேண்டும். தண்ணீர்க் குடத்தை நீட்டிய கையில் பிடித்துக்கொண்டு நிற்பது மாதிரி. குடம் நகரவில்லை, இயற்பியல் கணக்குப்படி வேலையே நடக்கவில்லை, ஆனாலும் கை கடுக்கிறது. கடற்காகம் (gull) ஒன்றைக் காற்றுச் சுரங்கத்தில் சறுக்கவிட்டு அது எடுத்துக்கொண்ட ஆக்சிஜனை அளந்து 1974இல் வெளியிட்டார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஆகும் செலவைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு வந்தது. சிறகடித்தால் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு, ஆனாலும் சுழியம் இல்லை. இந்தச் செலவைக் குறைக்க உடம்பே ஏற்பாடு செய்திருக்கிறது. பாறுக் கழுகு, கூழைக்கடா போன்றவற்றின் மார்புத்தசையில் ஆழத்தில் தனி அடுக்கு ஒன்று உண்டு. அதில் மெதுவாகச் சுருங்கி, களைப்பில்லாமல் நெடுநேரம் பிடித்திருக்கும் இழைகள் இருக்கின்றன. நீண்ட இறக்கையுள்ள கடற்பறவையான ஆல்பட்ராஸுக்குத் தோளில் தசைநாணாலான ஒரு பூட்டே இருக்கிறது.

மார்புத்தசையின் இழைகளைப் பற்றி நம் நாட்டிலேயே அடிப்படை வேலை நடந்திருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பரோடாவில் ஜே. சி. ஜார்ஜ் குழுவினர் 1950களில் புறாவின் மார்புத்தசையை எடுத்துப் பார்த்து, கொழுப்பை எரிக்கும் மெல்லிய சிவப்பு இழை, கிளைகோஜனை (உடல் சேமித்துவைக்கும் மாவுச்சத்து) வைத்திருக்கும் தடித்த வெள்ளை இழை என இரண்டு வகைகளைப் பிரித்துக் காட்டினார்கள். கோழியின் நெஞ்சுக்கறி வெளுத்தும் புறாக்கறி சிவந்தும் இருப்பதற்குக் காரணம் இதில்தான் இருக்கிறது.

அப்புறம், இந்தப் பறப்பில் எது செலவு பிடிக்கும் இடம் என்றும் தெரியவந்திருக்கிறது. ஆண்டீஸ் மலைக் காண்டார் கழுகுகளில் கருவி பொருத்திப் பார்த்த ஆய்வு 2020இல் வந்தது. பறந்த நேரத்தில் ஒரு விழுக்காடு அளவே அவை சிறகடித்தன. ஒரு பறவை ஐந்து மணி நேரத்துக்கும் மேல், 170 கிலோமீட்டர் தொலைவு, ஒருமுறைகூட அடிக்காமல் போயிருக்கிறது. அடித்ததில் பெரும்பகுதி தரையிலிருந்து கிளம்பும்போது. ஆகவே பறவை இளைப்பாறுவதாக மாணவர் மனத்தில் பதியவே கூடாது. தன் பங்குக்கு அது பிடித்துக்கொண்டிருக்கிறது, தூக்கிப் போகும் பங்கு காற்றுடையது.

என் பரிந்துரை: ஏந்து பறப்பு.

காற்று ஏந்துகிறது, பறவை பறக்கிறது. ‘தூக்கு பறப்பு’ என்றும் யோசித்துப் பார்த்தேன். ஆனால் தூக்குவிசை என்பது சிறகடிப்பு, சறுக்கல் எல்லாவற்றிலும் உண்டு, அதை இங்கே இழுத்தால் மோதும். ஏந்துதல் என்ற சொல் எங்கள் பக்கத்து மண்ணிலேயே கிடக்கிறது. மதுரையிலிருந்து சிவகங்கை, இராமநாதபுரம் போகிற வழியெல்லாம் ‘ஏந்தல்’ என்று முடியும் ஊர்ப்பெயர்களைப் பார்க்கலாம். பெய்கிற மழையை ஏந்தி வைத்துக்கொள்ளும் சிறு நீர்நிலைக்கு ஏந்தல் என்று பெயர். கீழிருந்து தாங்குவது என்ற பொருள் எங்கள் மாணவர்களுக்கு விளக்காமலே புரியும்.

சொல் கிளைவிடுகிறதா என்றும் பார்த்தேன். மேலெழும் காற்று ‘ஏந்துகாற்று’. வெயிலால் எழுந்தால் வெப்ப ஏந்துகாற்று, மலையில் மோதி எழுந்தால் சரிவு ஏந்துகாற்று. இப்படிப் பிழைக்கிற பறவைகள் ‘ஏந்து பறவைகள்’. வினையாகச் சொன்னால் ‘பருந்து காற்று ஏந்தப் பறக்கிறது’. நாக்கில் எங்கும் தடுக்கவில்லை.

உங்கள் கருத்துகளை எழுதுங்கள்.

*

அன்புள்ள அம்மா,

நான் தூத்துக்குடிக்காரன், இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். உங்கள் மடலை இரண்டு தடவை படித்தேன். வட்டத்தையும் மிதப்பையும் நீங்கள் தள்ளியது நியாயமே. ஆனால் ‘ஏந்து பறப்பு’ மேல் எனக்கு மூன்று ஐயங்கள்.

வினைத்தொகையில் யார் ஏந்துகிறார், எதை ஏந்துகிறார் என்பது மறைந்துவிடுகிறது. பருந்து கோழிக்குஞ்சைக் காலில் ஏந்திப் பறப்பதும் ஏந்து பறப்புதானே என்று ஒரு மாணவன் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

இரண்டாவது, ஏந்து என்றதும் கையேந்துதல் நினைவுக்கு வருகிறது. இரப்பதுபோல ஒரு சாயல்.

மூன்றாவதுதான் பெரியது. பிரிட்டிஷ் இயற்பியலாளர் ராலே பிரபு 1883லேயே இந்தச் சிக்கலைத் தெளிவாக வகுத்து எழுதிவிட்டார். ஒரு பறவை சிறிது நேரம் சிறகடிக்காமலே தன் வழியில் போய்க்கொண்டிருந்தால், ஒன்று அதன் பாதை கிடைமட்டமாக இல்லை, அல்லது காற்று கிடைமட்டமாக வீசவில்லை, அல்லது காற்று எல்லா இடத்திலும் ஒரே சீராக இல்லை. முதலாவது நெடுநேரம் செல்லாது. நீங்கள் சொன்ன பருந்து இரண்டாவது வகை. ஆல்பட்ராஸ் மூன்றாவது வகை. அங்கே காற்று மேலே எழவே வேண்டாம், கடலுக்கு மேலே கிடைமட்டமாகத்தான் வீசுகிறது. கீழிருந்து தாங்குவது என்ற பொருளில் ‘ஏந்து’ அதற்குப் பொருந்துமா? பொருந்தாவிட்டால் அதற்கு வேறு சொல்லா? ஒரே குடும்பத்துக்கு இரண்டு பெயர் வைப்பது எனக்கு ஒப்பவில்லை.

சொல் நன்றாக வர வேண்டும் என்ற அக்கறையில்தான் கேட்கிறேன்.

*

மதிப்பிற்குரிய ஐயா,

இப்படிப்பட்ட கேள்விகளுக்காகத்தான் குழுமத்தில் எழுதினேன். மிக்க நன்றி.

கோழிக்குஞ்சு ஐயத்துக்கு எளிய வழி இருக்கிறது. முதல் தடவை ‘காற்றேந்து பறப்பு’ என்று முழுதாக எழுதிவிட்டு, அதன் பிறகு சுருக்கிக்கொள்ளலாம். காற்று எழுவாயாக முன்னால் நின்றுவிட்டால் இரைக்கு அங்கே இடமில்லை. ‘காற்றேந்திப் பறத்தல்’ என்று மட்டும் யாரும் எழுதிவிடக் கூடாது. அதில் ஏந்துவது பறவையாகிவிடும், பொருள் தலைகீழாகும்.

கையேந்துதலைப் பற்றி: அந்தப் பொருள் ‘கை’ சேரும்போது வருகிறது. குழந்தையை ஏந்துகிறோம், விளக்கை ஏந்துகிறோம், அங்கெல்லாம் இரத்தல் இல்லை. ஏந்தல் என்றால் தலைவன் என்றும் பொருள் உண்டு. இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

ஆல்பட்ராஸைப் பற்றி நீங்கள் கேட்டதுதான் உண்மையான சோதனை. அங்கே நடப்பதை எழுதிப் பார்க்கிறேன், தவறிருந்தால் சொல்லுங்கள். கடல்மட்டத்தில் அலையோடு உராய்வதால் காற்று மெதுவாக வீசுகிறது, சில மீட்டர் மேலே போனால் வேகம் கூடுகிறது. பறவை காற்றை எதிர்த்துத் திரும்பி மேலேறுகிறது. ஏற ஏற எதிர்க்காற்றின் வேகம் கூடிக்கொண்டே போவதால், உயரத்துக்கு விலையாகப் போக வேண்டிய வேகத்தைக் காற்று ஈடுகட்டிவிடுகிறது. உச்சியில் திரும்பிக் காற்றோடு சேர்ந்து சரிந்து இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. கடல்மேல் இப்படியே நாட்கணக்கில். அதன் இதயத்துடிப்பை அளந்தவர்கள், பறக்கும்போது அது ஓய்வில் இருக்கும் அளவை ஒட்டியே இருந்ததையும், கடலிலிருந்து கிளம்பும்போதுதான் எகிறியதையும் கண்டார்கள். காண்டாரின் கதையேதான். பாறுக் கழுகிலும் கிளம்பிய உடனே மும்மடங்கான துடிப்பு பத்து நிமிடத்துக்குள் தணிந்துவிடுவதாகப் பிரான்சில் அளந்திருக்கிறார்கள்.

உடலியங்கியல் கண்ணால் பார்த்தால் இந்த மூன்றும் ஒரே வகை. கிளம்பும்போது தசை செலவழிக்கிறது. பிறகு தசையின் வேலை பிடித்திருப்பது மட்டும், பறப்பதற்கான ஆற்றல் காற்றிலிருந்து. காற்று கீழிருந்து எழுகிறதா, அடுக்கடுக்காக வேகம் மாறுகிறதா என்பது காற்றின் சங்கதி. பறவையின் இதயத்துக்கு அந்த வேறுபாடு தெரியாது. ஆகவே குடும்பப் பெயராக ‘ஏந்து பறப்பு’ ஒன்றே இருக்கட்டும். உட்பிரிவுக்கு நீங்கள் காட்டிய ராலேயின் பிரிவையே எடுத்துக்கொள்வோம்: இரண்டாவது வகை எழுகாற்று ஏந்து பறப்பு, மூன்றாவது வகை அடுக்குக்காற்று ஏந்து பறப்பு. ‘ஏந்துகாற்று’ என்ற சொல்லை எழுகாற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். ஆல்பட்ராஸுக்கு அதைப் பயன்படுத்தினால் நீங்கள் அஞ்சிய குழப்பம் வந்துவிடும்.

ஒன்று மட்டும் ஒத்துக்கொள்ள முடியாது. நேற்று ஒருவர், இவ்வளவு பாடுபடாமல் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் போட்டுவிடலாமே என்று எழுதியிருந்தார். ஆக்சிஜனையும் கிளைகோஜனையும் நானே அப்படித்தான் எழுதுகிறேன், அதில் எனக்குப் பிணக்கில்லை. அவை பொருள்களின் பெயர்கள். இது ஒரு செயல், மாணவன் அதை வினையாக்கி, எதிர்மறையாக்கி, கேள்வியாக்கி எழுத வேண்டும். ‘காலை ஏழு மணிக்குக் காற்று ஏந்தாதது ஏன்?’ என்று தேர்வில் கேட்க வேண்டும், அவன் பாறையின் சூட்டிலிருந்து தொடங்கி விடை எழுத வேண்டும். கடன்சொல்லை வைத்துக்கொண்டு அந்த வாக்கியம் அமையாது.

பாடக் குறிப்பில் இப்படி எழுதியிருக்கிறேன்:

“காற்றேந்து பறப்பு, சுருக்கமாக ஏந்து பறப்பு: சிறகடிக்காமல், காற்றின் இயக்கத்திலிருந்து ஆற்றலைப் பெற்று உயரத்தையோ வேகத்தையோ காத்துக்கொள்ளும் பறப்பு. இறக்கையை விரித்துப் பிடிக்க மார்புத்தசை தொடர்ந்து இயங்குவதால், செலவு ஓய்வுநிலையைவிடக் கூடுதலாகவும் சிறகடிப்பைவிட மிகக் குறைவாகவும் இருக்கும். காட்டு: வெயிலேறிய பாறைமீது கள்ளப்பருந்து, கடல்மீது ஆல்பட்ராஸ்.”

‘காத்துக்கொள்ளும்’ என்பதா, ‘காத்துக்கொள்ளும் அல்லது கூட்டிக்கொள்ளும்’ என்பதா என்று மட்டும் நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள். இரண்டாவது நீளம், ஆனால் பருந்துக்கு அதுதான் சரியாக வரும் என்று படுகிறது. ‘திறன்’ என்ற ஒரே சொல் ஆற்றல் செலவாகும் வீதத்துக்கும், பயனுறுதிக்கும், கைத்தேர்ச்சிக்கும் மாறி மாறி வருவதைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன், அங்கேயும் நீங்கள் வர வேண்டும் ஐயா.